கடைசி வரியில் கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம், அதை மாற்ற எனக்குத் தைரியமில்லை, ஆகவே முதலில் அதை முடித்துவிடுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டு மடிக்கிற வேலையிலிருந்து உட்கார்ந்து எண்ணுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், எந்த வார்டிலிருந்து எத்தனை விரிப்பு வந்தது என்று எழுதி வைக்கிற வேலை. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக மருந்துக்கடைக்காரர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பினால் இல்லை, என் மகளின் கடிதத்தினால் என்று அவரிடம் சொல்லவில்லை. உன் இருமல் நின்றதா, கெட்டிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினோமே வந்ததா, அதற்கு நீ பதிலே எழுதவில்லை. நீ எழுதியிருக்கிற விஷயத்துக்கு முன்னால் காலுறை எம்மாத்திரம் என்று நினைத்திருப்பாய், ஆனாலும் அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா முதலில் படித்தாள், பிறகு நான் இரண்டு தடவை படித்தேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ஒன்பது வருஷமாக நம் படை அந்த நாட்டுப் போரில் போய் உட்கார்ந்திருக்கிறது, இப்போது நம் அரசாங்கம் போதும் என்று முடிவு செய்து தேதியும் குறித்துவிட்டது. முகாமின் பண்டகசாலை உன் பொறுப்பு என்பதால் முகாமை மூடுகிற படிவத்தை நீதான் நிரப்ப வேண்டும். ஜெனரேட்டர் எத்தனை, கூடாரம் எத்தனை, கட்டில் எத்தனை, எதை ஏற்றினீர்கள், எதை எரித்தீர்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி, முகாமை நம்பியிருந்த வெளியாட்கள் எவரும் மீதமில்லை. அதற்குக் கீழே உன் கையெழுத்து. ஆனால் மீதம் இருக்கிறார்கள், முப்பத்தொரு பேர். ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், துணி வெளுக்கிறவர்கள், உங்களோடு ஊர் ஊராக வந்து உங்களுக்காகப் பேசிய மொழிபெயர்ப்பாளர். அவர் முன்பு பள்ளிக்கூட வாத்தியார், உனக்கு அந்த மொழியில் எண்ணக் கற்றுக்கொடுத்தவர், நீ ஏழையும் எட்டையும் மாற்றிச் சொல்லும்போதெல்லாம் பென்சிலால் மேசையைத் தட்டுகிறவர். அவர்களுக்கு விமானத்தில் இடமில்லை, ஆளுக்கொரு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு. நம் படையின் முத்திரை போட்ட அந்தக் காகிதம் ஒருவர் வீட்டில் எதிரிகள் கண்ணில் பட்டால் போதும், எங்களைக் கொல்ல வேறு சாட்சி தேட வேண்டியதில்லை என்று வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ கையெழுத்துப் போட்டால் முதல் விமானத்தில் உனக்கு இடம். போடாவிட்டால் முகாம் காகிதத்தில் மூடாது, மூடும்வரை கடைசிக் கூட்டத்தோடு நீ அங்கேயே கிடக்க வேண்டும், விமானதளத்துக்குப் போகிற சாலை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வருகிறது, ஊர் திரும்பினால் விசாரணை வேறு. எல்லா முகாமிலும் போடுகிறார்கள் அப்பா, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு முடித்திருக்கிறாய்.

பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறு. முதலில் எனக்கு வயிறு எரிகிற கதையைக் கேள். போன மாதம் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தான், வெளியேறும் திட்டத்தின் சாரம் என்று கொட்டை எழுத்தில். நாற்பது வருஷமாகக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிப் பிழைக்கிறவன் நான், நம் தொழிலின் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் படித்தேன். ஏழு வரி. எந்தத் தேதி, எத்தனை விமானம், எத்தனை மணிக்குக் கொடி இறங்கும், எந்தத் தெருவில் அணிவகுப்பு, யார் யார் பேசுவார்கள். யார் முதலில் இறங்குவது, யார் கடைசியில் இறங்குவது, இறங்க முடியாதவனை யார் தூக்குவது, ஒரு வார்த்தை இல்லை. ஒரு முடிச்சுகூட இல்லாமல் இது என்ன சாரம், பூனை ஏறினாலும் விழும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, தேதி சரிதானே, அன்னிக்கு வந்துடுவா இல்ல என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. பெரிய தெருவில் அஞ்சல் நிலையத்துக்கு எதிரே, உங்களை வரவேற்கப் பார்வையாளர் மேடை போடுகிறார்கள், ஆறு அடுக்கு, அந்த வேலை நமக்குத்தான் வந்தது. நம் ஆட்கள் ஆறு பேரோடு நான் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது நகராட்சி மேற்பார்வையாளர் குடையோடு வந்து நின்றார். என்ன சார் இவ்வளவு அவசரம், இன்னும் பத்து நாள் கொடுத்தால் ஆழமாக ஊன்றலாமே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் வெகு சாதாரணமாக, அதெல்லாம் தள்ள முடியாதுங்க, அதுக்கப்புறம் பரீட்சை ஆரம்பிச்சிடும், கொடி ஆட்டப் புள்ளைங்க கிடைக்காது, அமைச்சர் ஆபீஸ்ல அதைப் பார்த்துத்தான் நாள் வெச்சாங்க என்றார். மகளே, இதைக் கேள். ஒன்பது வருஷப் போரை முடிக்கிற நாளைப் பரீட்சை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். அங்கே சாலையில் என்ன நிலைமை என்று பார்க்கவில்லை, யார் யார் மீதம் என்று கேட்கவில்லை, இங்கே எந்த வெயிலில் எத்தனை குழந்தைகளை நிறுத்தலாம் என்று பார்த்திருக்கிறார்கள். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை மகளுக்கு எழுத முடியாது. நீங்க கட்டலேன்னா இன்னொருத்தர் கட்டுவார், போங்க என்றார், அதுவும் உண்மைதான், மறுநாளே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நம் ஆட்களில் நாலு பேர் என்னோடு வந்தார்கள், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கோபித்துக்கொண்டு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், என் வீரம் அவ்வளவுதான். நீ கோபித்துக்கொண்டால் ஏறி வர அங்கே டவுன் பஸ் கிடையாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

டீக்கடையில் இதைப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற படைக் குமாஸ்தா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முப்பது வருஷம் வேலை பார்த்தவர், நீ தளபதி என்று பெயர் வைத்தாயே அவர், படை திரும்பவே கூடாது, திரும்பினா இத்தனை பேர் செத்தது வீணாப் போயிடும் என்று மேசையைக் குத்துகிறார். இன்னும் நாலு பேர் செத்தால் அது வீணாகாமல் போய்விடுமா, அந்த நாலு பேர் எந்த வீட்டிலிருந்து என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன், மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. டீக்கடைக்காரரோ நாளைக்கே எல்லாரும் ஓடி வந்துடணும், அவங்க ஊரு அவங்க பாடு என்கிறார். அவர்கள் பாட்டுக்கு இருந்தபோது போய்க் கதவைத் தட்டியது நாம்தானே ஐயா என்றால், டீ ஆறுது குடிங்க என்கிறார். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. போகவே கூடாது என்று முதல் வருஷமே சொன்னவன் நான், நீ படையில் சேரும்போது உன்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன். திரும்பத்தான் வேண்டும், எப்போதோ திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கட்டுவதற்கு ஒரு முறை இருந்தால் அவிழ்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் தொழிலில் ஆள் விழுவது பெரும்பாலும் அவிழ்க்கும்போதுதான். கட்டும்போது எல்லோருக்கும் பயம் இருக்கும், அவிழ்க்கிற அன்று மனசு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். சாரத்தை மேலிருந்துதான் பிரிக்க வேண்டும், சுவரோடு பிணைத்த கட்டுகளை அந்த அடுக்கு இறங்கும்வரை தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், நம் சாரத்தை நம்பி ஏறின பூச்சுக்காரனும் வெள்ளையடிக்கிறவனும் முதலில் தரைக்கு வந்தாக வேண்டும், கட்டினவன் கடைசியில் இறங்க வேண்டும். இது என்னைப் போல ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கே தெரிகிறது. நம் பெரிய மனிதர்கள் என்ன செய்கிறார்கள், தாங்கள் முதலில் குதித்து இறங்கிவிட்டுக் கீழே நின்று கயிற்றை உருவுகிறார்கள். நாங்கள் போகப் போகிறோம் என்று தொலைக்காட்சியில் மூன்று தடவை அறிவித்தோமே, போதாதா என்கிறார்கள். அறிவித்தால் போதுமா, அந்த வாத்தியார் என்ன சிறகு முளைத்துப் பறந்து வருவாரா.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றாய். நானாக இருந்தால் போட்டிருப்பேன். போட்டேன். இதை உன்னிடம் இத்தனை வருஷம் சொன்னதில்லை, அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்போது உனக்கு நாலு வயது. மூன்று மாடி நூலகக் கட்டடம், மறுநாள் திறப்பு விழா, சாயங்காலத்துக்குள் சாரம் இறங்கியாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். முதல் முடிச்சைத் தொடும் முன்னால் கட்டினவன் கீழே நின்று மேலே யார் என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது எங்கள் முறை. ஒரு தடவை கூப்பிட்டால், மேலே இருக்கிறவன் கையிலிருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிற நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் இரண்டாவது. மூன்றுக்கும் பதில் இல்லையென்றாலும் ஏறிப் போய்ப் பலகை பலகையாகக் கண்ணால் பார்க்க வேண்டும், அதன் பிறகே சாரத்தில் ஆள் இல்லை என்ற படிவத்தில் கையெழுத்து. நான் மூன்று தடவை கூப்பிட்டேன், கூப்பிடவில்லை என்று எவனும் சொல்ல முடியாது. ஒரே மூச்சில் கூப்பிட்டேன். மேலே யார் மேலே யார் மேலே யார், தீர்ந்தது. ஏறிப் பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரர் முதுகைக் காட்டினார், அவர் முதுகிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நேரம் மிச்சமாகட்டும் என்று, மேலிருந்து தொடங்காமல் இரண்டாம் மாடியில் சுவரோடு பிணைத்திருந்த கட்டுகளை முதலில் அவிழ்த்துவிட்டேன். மூன்றாம் மாடியில் ஒருவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு உள்விளிம்பைப் பூசிக்கொண்டிருந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை. வேலையை முடித்துப் பின்னால் பலகையில் காலை வைத்தார், சாரம் அவரோடு சேர்ந்து சுவரை விட்டு விலகியது. அவர் நம் பூச்சு மாமாதான்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊன்றுகோலோடு சீட்டாட வருவாரே, அதே பூச்சு மாமா. எதிர் மாடியில் துணி உலர்த்துகிற பெண்ணைப் பார்த்துக் கால் வழுக்கிட்டேன் என்று உன்னிடம் கதை சொல்வார், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். விசாரணைக்கு வந்தவர்களிடமும் தானாக வழுக்கியதாகத்தான் சொன்னார், அதனால்தான் உன் அப்பா இத்தனை வருஷம் தொழில் செய்ய முடிந்தது. உன் கடிதத்தைப் புதன்கிழமை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன், அந்தச் சின்ன முன்னறையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார், கீழ விழுந்ததுக்கு உன் மேல எனக்குக் கோபம் கிடையாது, அவசரத்துல நானும் எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன், ஆனா நான் தரையில கிடக்கறப்ப நீ ஓடி வர்றதுக்கு முன்னால அந்தக் காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சே, அதை நான் பார்த்துட்டேன், அது மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல என்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். நான் மடித்து வைத்தது எனக்கே நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், பொய்யாகிவிடும் போலிருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே என் பதில் இது. போடாதே. எல்லோரும் போடுகிறார்கள் என்று நீ எழுதியிருப்பதைப் படித்ததும் உன் மேலும் எனக்குக் கோபம் வந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எல்லாரும் காப்பியடிச்சாங்க என்று சொன்ன அந்த ஒரு நாள்தான் என்னிடம் அடி வாங்கினாய், நினைவிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு முப்பத்தொரு பேர் மீதம் என்று உன் கையால் எழுது, கீழே ஒவ்வொருவர் பெயரையும் எழுது, அவரவர் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுது. உன் மேலதிகாரி மறுத்தால், மறுப்பதை எழுத்தில் கொடுக்கச் சொல், வாயால் அதட்டுகிறவர்கள் பேனாவைக் கொடுத்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒரு பிரதி எனக்கு அனுப்பு, படைத் தபாலில் மட்டும் அனுப்பு, அந்தப் பட்டியல் வேறு எவன் கையிலும் சிக்கக் கூடாது. வாத்தியாரிடம் அந்த நற்சான்றிதழை இன்றைக்கே எரிக்கச் சொல். நானும் சும்மா இருக்கவில்லை, நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், அவருடைய உதவியாளர் என் மனுவைப் பார்த்துவிட்டு, இவங்க யாரும் நம்ம ஓட்டர் இல்லையே பெரியவரே என்றார். என் மகள் ஓட்டர்தான், நானும் ஓட்டர்தான், நாளைக்கும் வருவேன், நாளை மறுநாளும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், பட்டியல் வந்தால், பெயர்களை வெளியே விடாமல் பத்திரிகைக்கும் போவேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற படை அதிகாரிக்கும் ஒரு வார்த்தை, ஐயா, என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுமையாகப் படியுங்கள், முழுவதும் படியுங்கள், பிறகு ஒட்டி அனுப்பிவிடுங்கள்.

மகளே, இதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை எழுதினவன் நான், அப்புறம் அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வாய் இருக்காது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னைப் பத்திரமாகப் பார்க்க ஆசைப்பட்டு, போட்டுவிட்டு வா என்று எழுதினால், நீ வந்தபிறகு உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். அந்தச் சாலையில் தனியாகப் போகாதே, வண்டிகள் வரிசையாகப் போனால் முதல் வண்டியில் ஏறாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, இருமலோடு தூசியில் நிற்காதே, காலுறை வந்ததா என்று மறக்காமல் ஒரு வரி எழுது.

இதுவரை எழுதியதை வழக்கம்போல அம்மாவிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தாள். பிறகு, உங்களுக்குச் சாரம் தெரியும், எனக்கு ஏழாம் வார்டுத் துணி தெரியும் என்றாள். அங்கிருந்து அடிபட்டு வந்த பிள்ளைகள் படுத்திருக்கிற வார்டு அது. தினம் எண்ணறவ நான், எந்த விரிப்பு வெளுக்கும் எதை எரிக்கணும்னு பிரிக்கறவ நான், என் பொண்ணு படுத்த விரிப்பை என்னால எண்ண முடியாது, போட்டுட்டு முதல் விமானத்துல வரச் சொல்லுங்க என்றாள். அந்த முப்பத்தொரு பேர் என்று ஆரம்பித்தேன். அவங்களுக்கும் அம்மா இருப்பாங்க, எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு அழுதாள். உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் திட்டிக்கொண்டே இருக்கிறேன், அவர்களை நினைத்து அழுதது அவள்தான், அதனால் அவளுக்கு இரக்கமில்லை என்று நினைத்துவிடாதே. அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன், நீ இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய். எந்த விமானத்தில் வந்தாலும் விமானதளத்தில் நாங்கள் இருவரும் நிற்போம், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. நீ நீண்ட ஆயுளோடு, நிம்மதியான தூக்கத்தோடு இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு ஆசீர்வாதம் எதுவும் தெரியவில்லை.

நீ படையில் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவின் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. இந்தக் கடிதத்தில் போட மாட்டேன் என்று பேனாவை மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள். கீழே அவளுடைய இடத்தை விட்டிருக்கிறேன், அவளுக்காக நான் போட மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா மட்டும்.